ரெஜினா அன்ரி காவல் வைத்த தண்ணீர்

கருவாட்டுப் பாயில் நான் சாளையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் தொலைபேசி அடித்தது. அப்பா "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். பிறகு வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெஜினா போயிட்டா பிள்ளை" என்றார்.

அன்று காலை மன்னார் ஆசுப்பத்திரியில் ரெஜினா அன்ரி கண்ணை மூடியிருந்தார். புற்றுநோய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தச் செய்திக்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மாதர் சங்கத்தில் கேட்டார்கள். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கூட்டத்தில் வாய் திறக்காதவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து, இலுப்பைக்கடவைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கரைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது வீடுகள் இருக்கவில்லை. தகரக் கொட்டில்களில்தான் இருந்தோம். கோயில் கிணற்றில் மட்டும்தான் நல்ல தண்ணீர், மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். மலசலகூடங்கள் அப்போது கட்டி முடியவில்லை. மாரியில் வெள்ளம் காணியெல்லாம் கழுவிக்கொண்டு வந்து அந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கும்.

ரெஜினா அன்ரியும் கணவரும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வந்தவர்கள். முகாமில் தண்ணீர்த் தாங்கிக்குக் குளோரின் போடும் வேலையை அன்ரி செய்திருக்கிறார். இங்கே மாதர் சங்கம் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. குளோரின் தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு போன்ற மண்டி அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குவார். கைத்தோல் உரிந்திருக்கும். தூள் பட்டுப் பட்டு அவருடைய சட்டைகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிட்டன. பிள்ளைகள் "புள்ளிமான் அன்ரி" என்று பின்னால் கத்துவார்கள். "மானெண்டு சொன்னதுக்கு நன்றியடா, மாடெண்டு சொல்லாமல்" என்பார். அதே சட்டையோடுதான் பூசைக்கும் வருவார்.

மருந்து போடுவதற்கு முதல் நாள் கோயில் மணி அடித்து அறிவிப்பார்கள். மருந்து போட்டும் ஊரில் வயிற்றோட்டம் நிற்கவில்லை. என் தம்பி ஜூட்டுக்கு அப்போது நாலு வயது. இரண்டு தரம் ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இரண்டாம் தரம் அவனைக் கொண்டுவந்தபோது தூக்குவதற்கே பயமாக இருந்தது. அவ்வளவு பாரமில்லாமல் இருந்தான். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டான் என்று தாதி ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அன்ரி அவனைப் பார்க்க எங்கள் கொட்டிலுக்கு வந்தார். குசினியில் குடங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் புளி போட்டு மினுக்கி, வெள்ளைத் துணியால் மூடியவை. அம்மாவுக்கு அதில் பெருமை. அன்ரி ஒரு குடத்தைத் திறந்து மூக்கை வைத்து மணந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எப்ப அள்ளின தண்ணி?"

"மணி அடிச்ச நேரம்" என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்: "மருந்து போட முன்னம் அள்ளி வச்சிட்டன் ரெஜினா. மூண்டு நாளைக்குக் காணும், அதுக்கிடையிலை கிணத்திலை மணமும் போயிடும். இவருக்கு அந்த மணம் ஆகாது. எல்லா வீட்டிலையும் அப்பிடித்தானே."

அன்ரி அப்படியே பலகையில் இருந்துவிட்டார். "அப்ப நாங்கள் மணி அடிச்சு, ஊத்தைத் தண்ணியைச் சேத்து வையுங்கோ எண்டெல்லோ சொல்லியிருக்கிறம்" என்றார்.

இனி மணி அடிக்காமல் இரகசியமாகப் போடுவோம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லாமல் போட்டால், நாளைக்கு நான் சொல்லுற ஒண்டையும் சனம் நம்பாது. குடிக்கிறவைக்குத் தெரியாமல் ஒண்டும் கலக்கமாட்டன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் அப்பாவைப் பிடித்தார். ஊரில் குளோரின் தண்ணீருக்கு முதல் எதிரி என் அப்பா சவிரிதான். "ஆசுப்பத்திரி நிலம் கழுவின தண்ணியிலை தேத்தண்ணி போட்டுக் குடிக்கச் சொல்லுறா, இந்தியாவாலை வந்தவ" என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தார். அன்ரி கோயில் முற்றத்து மேசையில் தம்ளர்களை வரிசையாக வைத்தார்.

"சவிரியண்ணை, சிலதிலை மருந்து இருக்கு, சிலதிலை இல்லை. எது எதெண்டு சொல்லுங்கோ. சரியாச் சொல்லாட்டி இனிக் கதைக்கக் கூடாது."

பெண்கள் சிரிப்பதற்கு ஆயத்தமாக நின்றார்கள். அப்பா ஒவ்வொன்றாக மூக்கருகே தூக்கினார். மீன் பெட்டியைத் திறக்க முன்னமே பழசா புதிசா என்று சொல்லுகிறவர் அவர். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தம்ளர்களை மாற்றி வைத்தார்கள். மறுபடியும் சரி.

அன்ரியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் கொஞ்ச நேரம்தான்.

"அண்ணையைத் தோக்கடிப்பம் எண்டு நினைச்சன், நான்தான் தோத்தன்" என்றார். "அப்ப ஒரு உதவி செய்யுங்கோ. தண்ணி சோதிக்கிற குளிசை முடிஞ்சுது, எப்ப வருமெண்டும் தெரியாது. லேசா மணம் இருக்குமட்டும் தண்ணிக்குக் காவல் இருக்கு எண்டு அர்த்தம். மணம் போனால் காவலும் போச்சு. கடலாலை வரேக்கை ஒருக்கா மணந்துபோட்டு எனக்குச் சொல்லுவியளோ?"

"நான் குடிக்கமாட்டன்."

"குடிக்கச் சொல்லேல்லை அண்ணை. மணக்கத்தான் சொன்னனான்."

எங்கள் கரையில் ஒருவருடைய மூக்கை இப்படி யாரும் மதித்ததில்லை. அப்பா மறுநாள் காலையிலேயே கிணற்றடிக்குப் போனார். வாளியில் அள்ளி, கண்ணை மூடி மணந்து, "இருக்கு" என்று அன்ரி வீட்டு வேலிக்கு வெளியே நின்று சொல்லுவார். பிறகு "குறைஞ்சிட்டுது" என்பார். அன்ரி அதைக் கேட்டு மருந்தின் அளவைக் கூட்டுவார், குறைப்பார். தண்ணீரை அகலமான சட்டியில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் தேநீரில் மணம் அவ்வளவு தெரியாது என்பதையும் காட்டிக் கொடுத்தார். பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு அம்மா முதலில் ஜூட்டுக்குத்தான் மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மாரி தொடங்கி ஒரு பெரிய மழை பெய்த மறுநாள், அப்பா வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"ரெஜினா, மணம் கொஞ்சமும் இல்லை. வெள்ளம் இறங்கிட்டுது. வா கெதியா."

அன்ரி வரும்வரை அப்பா கிணற்றுக் கட்டில் ஏறி நின்று ஒருவரையும் அள்ள விடவில்லை. குடத்தோடு நின்ற அம்மா கேட்டார்: "இவ்வளவு நாளும் மணக்குது எண்டு சண்டை. இண்டைக்கு மணக்கேல்லை எண்டு சண்டையோ?"

"எடியே, வாயை மூடிக்கொண்டு நில்" என்றார் அப்பா. அன்ரி வாளியைக் கலக்கிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்த மாரியில் ஜூட் ஆசுப்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறான்.

அன்ரி கோபக்காரர்தான். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தால் வாளியைப் பிடுங்கி எறிவார். ஆனால் என்னைப் போன்றவர்களிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "நீ ஒரு சொல்தான் சொல்லுவாய், ஆனால் அது உண்மையா இருக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக ஆசுப்பத்திரியில் பார்த்தபோது குரல் மிகவும் தணிந்திருந்தது. அப்பாவிடம் சொன்னார்: "அண்ணை, என்ரை செத்த வீட்டுக்கு நிறையச் சனம் வரும். வந்து போற சனத்துக்கு வயித்தாலை போனால் எனக்குத்தான் வெக்கம்."

சனம் வந்தது. நறுவிலிக்குளத்திலிருந்தும் தாழ்வுபாட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். முற்றத்தில் நீலப் பிளாஸ்டிக் பரல்கள் வைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். அப்பா ஒவ்வொரு பரலாகக் குனிந்து மணந்து பார்த்தார். அழுத மூக்கால் மணம் பிடிபடவில்லை என்று வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். தெரியாத ஊர்ப் பெரியவர் ஒருவர் தம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, தண்ணி ஒரு மாதிரி மணக்குது?"

பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன்.

"மருந்து போட்டது ஐயா. மணந்தால்தான் நல்லது. குடியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டார்.

அன்ரி, அன்று உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் நோய் வரவில்லை. இன்று காலையும் கோயில் கிணறு மணக்கிறது. நீங்கள் ஆண்டவரின் நிழலில் ஆறுதலாக இருங்கள்.