வெள்ளைப் பூ சொன்ன மூலை

மகளுக்கு வந்த வரனைப் பற்றிச் சாமியிடம் பூ போட்டுக் கேட்கப் போன வாரம் கோயிலுக்குப் போயிருந்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒன்றை எடுக்கச் சொன்னாள் மனைவி. எனக்குக் கை நீளவில்லை. அவளையே எடுக்கச் சொல்லிவிட்டுத் தூண் பக்கம் நகர்ந்துகொண்டேன். ஈரப் பூவின் வாசனை என்னை நேரே பட்டினப்பாக்கம் மணலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் எனக்கு ராயப்பேட்டையில் ஒரு பைண்டிங் கடையில் வேலை. கையில் எப்போதும் மைதா பசை காய்ந்திருக்கும். அந்த வாசனைக்கு மைதானத்து நாய்கள்கூட என்னிடம் வரும்; பந்துதான் வராது. இருந்தும் ஞாயிறு தவறாமல் அந்த மணலில் ஃபுட்பால் ஆடப் போவேன். எங்கள் டீமுக்குப் பெனால்டி அடிப்பது செல்வம். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒரே கணக்குத்தான்: ஓடிவருகிற கடைசி எட்டு வரைக்கும் கோல் காக்கிற கோலியின் முட்டியைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் மடங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும்.

ஃபைனல் அன்று காலை நான் தெருப் பிள்ளையாரிடம் பூ போட்டுக் கேட்டிருந்தேன். இன்றைக்குப் பெனால்டி கிடைத்தால் எந்த மூலை? வெள்ளை வந்தது. வெள்ளைக்கு வலது என்று வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அது விளையாட்டில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் நிஜமாகவே பெனால்டி கிடைத்தது. ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டேன். நானே அடிக்கிறேன் என்றதற்குச் செல்வம் மறுக்கவில்லை.

"அடி மச்சி. முட்டிய மட்டும் பாத்துக்கினே போ."

பார்த்தேன். கோலி முன்கூட்டியே என் வலப்பக்கம் சாய்ந்துவிட்டான். இடது மூலை அப்படியே திறந்து கிடந்தது. ஆனால் சாமி சொன்னதை மீறுவதா? வலப்பக்கமே அடித்தேன். பந்து அவன் மடியில் போய் உட்கார்ந்தது. அடுத்த இரண்டே நிமிடத்தில் அவர்கள் கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள்.

எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பூ போட்டுப் பார்த்தேன் என்றால் சாமியையும் சேர்த்தல்லவா கிண்டல் செய்வார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

"செல்வம் பின்னாலேர்ந்து கூவிட்டான்டா. அதான் கால் தவறிடுச்சி."

செல்வம் என்னையே பார்த்தான். "நானா கூவுனேன்?" என்று மட்டும் கேட்டான். நான் குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் ஆட வராதே என்று கேப்டன் அவனிடம் சொன்னதும் காதில் விழுந்தது. அவன் வரவே இல்லை. நான் தொடர்ந்து ஆடினேன்.

எத்தனையோ சாமி முன்னால் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். அவனிடம் சொல்லவில்லையே.

கோயிலிலிருந்து வந்த மறுநாள் பட்டினப்பாக்கம் போனேன். செல்வம் இருந்த வீட்டு வரிசையையே காணோம். இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே எங்கோ அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் ஆடிய இடத்தில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அவனைப் பற்றி விசாரித்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"எந்த செல்வம் நைனா? பெனால்டி அடிக்க சொல்ல கூவி ஆட்டத்தையே கெடுத்தானே, அவனா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.