லேட்டாக வந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிஷின் ஓடுகிற வரை நம் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது, நின்றுவிட்டால் நம் போன் நிற்காது.

வேன் வந்தாச்சு, பெட்டி வரலை

பொங்கலூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பஞ்சுத் தூசி இருக்கிற இடம் என்பதால் ஷிப்ட் முடிந்ததும் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். காலையில் திரும்பப் போட்டதும், டைம் ஆபீசில் இருக்கும் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழ வேண்டும். அது எழுந்தால்தான் அதோடு இணைத்த அட்டெண்டன்ஸ் கருவியில் விரல் வைக்க முடியும். அதற்குள் பெல் அடித்துவிடும். வேனில் நேரத்துக்கு வந்து இறங்கியவர்களுக்கும் லேட் விழும். கையால் திருத்தினால், சரக்கு வாங்கும் பையர் நடத்துகிற ஆடிட்டில் கேள்வி வரும் என்று திருத்தவும் மாட்டார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து டெய்லராக இருக்கும் செல்விக்கு, இன்னொரு லேட் விழுந்தால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் தீரும் என்று ஆபீசில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே சர்வீஸுக்குப் போயிருந்த என்னிடம் செல்வி வந்தாள். "யக்கா, வேனும் லேட் இல்ல, நானும் லேட் இல்ல. இந்தப் பொட்டிதான் லேட்டு. இதுக்கு யாரு லேட் போடுவா?"

எக்ஸ்ட்ரா பீஸ்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து, பெட்டி எழும்போது உள்ளே இருக்கும் புரோகிராம்களில் யார் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அதையே கேட்டேன். அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. வந்த பட்டியலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ வெட்டுகிற அப்ளிகேஷன், பாட்டு கேட்க மூன்று, செஸ், வானிலை, படம் வரைய இரண்டு. எல்லாமே தனித்தனி அட்டைப்பெட்டியில் அடைத்து வருகிற ரகம்; லினக்ஸில் ஸ்னாப் என்பார்கள். ஒரே ஒரு பனியன் கேட்டாலும் கோடவுனில் உள்ள அத்தனை பெட்டியையும் பிரித்து வைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் கதவைத் திறக்கும்.

இத்தனையும் எதற்கு என்று டைம் ஆபீஸ் பழனிச்சாமி அண்ணனிடம் கேட்டேன். கட்டிங் செக்ஷனில் வெகுகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கொஞ்சமும் அசரவில்லை. "ஆர்டருக்கு மேல கொஞ்சம் சேத்து வெட்டறது நம்ம வழக்கம்தானுங்க அம்மிணி. ஒன்னு டேமேஜ் ஆனா இன்னொன்னு வேணுமல்லங்க?"

சும்மா கிடந்த சரக்கு

நீக்க ஆரம்பித்ததும் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் காவலுக்கு நின்றுகொண்டார். ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து. வானிலைக்கு மட்டும் ரொம்ப நேரம் வாதாடினார். ஜன்னல் பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துடைப்பது வேலை தெரியாதவர் வழி. அட்டெண்டன்ஸ் பக்கம் பிரவுசரில்தான் திறக்கும். அந்த பிரவுசரைத் தொட்டிருந்தால் மறுநாள் கேட்டில் என்னை நிறுத்தி வைத்திருப்பார்கள். மற்ற ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: கடைசியாக இதை யார் திறந்தது?

யாரும் திறந்ததாக அவருக்கு ஞாபகம் வராததை எல்லாம் எடுத்துவிட்டேன். எடுத்தது எதுவும் தொலைந்துவிடாது, தேவைப்பட்டால் இலவசமாகவே திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சும்மா கெடந்த சரக்குக்கா இத்தன சனம் லேட் வாங்குச்சுங்க?"

முதல் ஆள்

மறுநாள் காலை எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் போய் நின்றேன். அண்ணன் சாமியைக் கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டார். வேன் கேட்டுக்குள் திரும்பும்போதே திரையில் அட்டெண்டன்ஸ் பக்கம் வந்து நின்றது. பெல்லுக்கு முன்பே வரிசை கரைந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை. என் மூளையும் பத்து விரலும்தான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்கப்போவதில்லை.

செல்வி விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. நம்பாமல் ஒரு தரம் திரையை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யக்கா, இன்னைக்குப் பொட்டி எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டு."

பனியனில் பிசிறு வெட்டுகிறவர்கள்தான் எதையும் சேர்க்காமல், எடுத்தே பேர் வாங்குகிறவர்கள் என்று இந்த ஊரில் சொல்வார்கள்; அந்த வரிசையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறேன்.