பொட்டு எண்ணி மெஷின் பார்த்த கடை

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு எந்த மெஷினும் தனியாக வராது. தன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்ல ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இதைப் படித்து முடிக்கும்போது சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சிரிக்க வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று போனில் கேட்டுக் கேட்டே தொண்டை வற்றிய என் சக பாவிகளுக்குக் காத்திருப்பது புதிதா என்ன? நானே பல நாள் சிரிப்பை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தவள்தான்.

கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில். முதலாளி ஏழுமலை, என் அம்மாவின் தம்பி. பெஞ்சில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்து வேலை பார்ப்பவர் ஜாகிர் அண்ணன். நான் டிப்ளமோ முடிக்கப் போகிறவள், லீவுக்கு வேலைக்கு வந்தேன். ஜாகிர் அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதுதான் எனக்கு வேண்டும். மாமா கொடுத்ததோ போன். நான் யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன் என்பது குடும்பத்துக்கே தெரியும். டவுன் பஸ் கண்டக்டர், எங்கள் பிரின்சிபால், சாமி வந்த பக்கத்து வீட்டு அத்தை, யாரும் தப்பியதில்லை. "வாய் இருக்கறவங்களுக்கு போனு, கை இருக்கறவங்களுக்கு பெஞ்சு" என்றார் மாமா. எனக்குக் கையும் இருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், விண்டோஸ் பத்துக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்று ஊரில் எல்லார் திரையிலும் செய்தி வந்தது. அன்றிலிருந்து போனை எடுத்தால் ஒரே கேள்வி. "எம் மெஷினுக்குப் பதினொன்னு தாங்குமா?"

பொட்டுக் கணக்கு

தாங்குமா, தாங்காதா என்று பார்க்க ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. ரெண்டு நிமிஷ வேலை. மாமா அதை நம்ப மாட்டார். எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள் இல்லையா, அதைத் துடைக்க ஒருத்தருக்கும் மனசு வராது. அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வரும். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டை எண்ணுவார். மரத்தை வெட்டி வளையம் எண்ணுகிற மாதிரி. "ஆறுக்குள்ள இருந்தா தாங்கும். ஏழுன்னா ஜாகிரைக் கேளு. எட்டுன்னா காயலான் கடை." இதுதான் அவர் சாஸ்திரம்.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கலா அக்கா ஒருநாள் தன் சிபியுவை ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்தி, கால் ரெண்டாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். மாமா விரல் வைத்து எண்ணினார். ஒருதரம் மேலிருந்து கீழே, ஒருதரம் கீழிருந்து மேலே.

"எட்டும்மா. தாங்காது."

அக்கா குனிந்து தானும் ஒருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போன வருஷம் எம் பொண்ணு ஆசையா ரெண்டா வெச்சுட்டா சார், அதுல ஒண்ணைக் கழிச்சுக்குங்க."

மூன்று பேர் பேசிய போன்

மாமா சாப்பிடப் போயிருந்தார். ரமணாசிரமம் பக்கத்தில் அறைகள் வாடகைக்கு விடுகிற ஒருவர் கூப்பிட்டார். மெஷின் விவரத்தைக் கேட்டு, "ராம் மெமரி கம்மியா இருக்குங்க, சேத்துப் போட்டாத்தான் நல்லா ஓடும்" என்றேன்.

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்? ஓனராண்ட குடு."

கொடுத்தேன். மாமா எதைச் சொல்வதற்கு முன்பும் ஒரு கனைப்புக் கனைத்து 'அதாவது சார்' என்பார். நானும் கனைத்தேன். "அதாவது சார், இப்ப இருக்கற ராம்ல பேருக்கு ஏறும். ஏறினப்புறம் நகராது."

"நீங்க யாவாரம் பாக்கறீங்க. ரிப்பேர் பண்றாரே பாய், அவராண்ட குடுங்க."

ஜாகிர் அண்ணன் குரலைப் போல சுலபமானது உலகத்தில் கிடையாது. அவர் பேசுவதே ஓர் எழுத்துதான்.

"ம்."

"ராம் ஜாஸ்தி பண்ணா தாங்குமா பாய்?"

"ம்."

"அப்ப நாளைக்குக் கொண்டாரட்டா?"

"ம்."

எதிரே உட்கார்ந்திருந்த நிஜ ஜாகிர் அண்ணன் சால்டரிங் கம்பியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். போனில் அந்த மனிதர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. "அந்தப் பொண்ணும் சரியில்ல, ஓனரும் சரியில்ல. நீங்க ஒருத்தர்தான் பாய் வெவரமா பேசறீங்க."

மாமா விட்ட சவால்

எங்கள் கடையிலேயே பில் போடுகிற மெஷின் ஒன்று உண்டு. பூஜை செய்த பெட்டி என்று மாமா அதை மாற்றவே விட மாட்டார். முன்பக்கம் இடம் போதாமல் பொட்டெல்லாம் பக்கவாட்டுக்குப் போய்விட்டிருந்தது. "நம்ம மெஷினுக்கும் பதினொன்னு போடணுமே மாமா" என்றேன். மாமா குனிந்து எண்ணினார். பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். ஜாகிர் அண்ணன் இருமினார்.

"உள்ள தொறந்து பாக்கலாமே மாமா."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா? இது பத்தோட போய்ச் சேர வேண்டியது."

"நான் போட்டுக் காட்டட்டுமா?"

மாமா சிரித்தார். ஜாகிர் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இதுல பதினொன்னு ஓடுச்சுன்னா அந்த பெஞ்சு உனக்கு, போனு எனக்கு."

பௌர்ணமி அன்று

பௌர்ணமி என்றால் மாமா மத்தியானமே கிளம்பிவிடுவார். கிரிவலம் அவருக்கு ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. அவர் தலை மறைந்ததும் ஜாகிர் அண்ணன் இதுவரை நான் கேட்டிராத அளவுக்குப் பேசினார். "அது பெட்டிதான் பழசு. உள்ள போர்டு, பிராசசர் எல்லாம் போன கார்த்திகை தீபத்துக்கு முன்ன நான் மாத்தினது."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"சொன்னேன். போன்ல இருந்தாரு."

அந்தச் சின்ன மென்பொருளை ஓட்டினேன். 'தகுதி இல்லை' என்றது. போர்டில் ஒரு பாதுகாப்புச் சில்லு உண்டு. இருக்கும், ஆனால் பல மெஷின்களில் அது தூங்கிக்கொண்டிருக்கும். மெஷினை நிறுத்தி, அதன் அடிப்படை செட்டிங்குக்குள் போய் அதை எழுப்பிவிட்டேன். டிஸ்க்கையும் புது முறைக்கு மாற்றினேன். மறுபடி ஓட்டினால் பச்சை டிக் விழுந்தது. பில் கணக்கையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பதினொன்றை ஏற்றினேன். ஜோராக ஏறியது.

நல்ல பிள்ளையாக இருந்தால் அந்த நிமிஷமே மாமாவுக்குப் போன் போட்டு பெஞ்சைக் கேட்டிருக்கும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் மனுஷக் குரலைத்தானே மிமிக்ரி செய்தேன், ஒரு மெஷினின் முகத்தைச் செய்ததில்லையே என்று தோன்றியது. பதினொன்றில் திரையின் அடியில் நடுவில் இருந்த பட்டன்களை, பத்தில் இருப்பது மாதிரி இடது மூலைக்குத் தள்ளினேன். பழைய மெனு மாதிரியே காட்டுகிற ஒரு மென்பொருளைப் போட்டேன். மாமா வைத்திருந்த மலைப் படத்தையே பின்னால் வைத்தேன், பில் ஐகானை மலை உச்சியில் பழைய இடத்திலேயே உட்கார வைத்தேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஜாகிர் அண்ணன் எல்லாவற்றையும் முறுக்கு தின்றுகொண்டே பார்த்தார். கடைசியில் கேட்டார்: "உனக்கு பெஞ்சு வேணுமா, வேடிக்கை வேணுமா?"

மலை சுற்றி வந்த சிபியு

மாமா மறுநாள் கால் வலியோடு வந்தார், பில் போட்டார், மாற்றம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பை எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் அன்றைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அடி அண்ணாமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். முந்தின வாரமே ஒருதரம் வந்திருந்தார். பிராசசர் ரொம்பப் பழசு, பதினொன்று தாங்காது என்று ஜாகிர் அண்ணன் சோதித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது அதே சிபியுவை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். மேலே புதுசாக விபூதிப் பட்டை.

"நைட்டு இதைத் தூக்கிக்கிட்டே மலையச் சுத்திட்டேன் சார். எட்டு லிங்கத்துலயும் எறக்கி வெச்சுக் கும்பிட்டு எடுத்தேன். இப்ப ஒரு தபா பாருங்க."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் அதற்கெல்லாம் சிரிக்க முடியாது. ஜாகிர் அண்ணன் ஒயரை மாட்டி மறுபடி சோதித்தார். சிவப்பாக அதே பதில் வந்தது. மனிதர் திரையைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "நடுவுல கல்லு குத்துச்சு சார், கொஞ்ச தூரம் செருப்பு போட்டுக்கிட்டேன். கரெக்டா கண்டுபுடிச்சிடுச்சு."

பழசின் பெருமை

அதற்கடுத்த நாட்களில் மாமாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பழசைப் புகழ்வது. பில் மெஷின் முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அவருக்கே பட்டிருக்கிறது. காரணம், தான் அதை வைத்துக்கொள்ளும் முறை என்று முடிவு கட்டிவிட்டார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"அதாவது சார், புதுசு புதுசுன்னு எல்லாரும் அலையறாங்க. இது பாருங்க. பத்துதான். பொட்டைப் பாத்தீங்களா? எத்தினி வருஷத்து மெஷின்! எப்படிப் பறக்குது பாருங்க. பதினொன்னு இந்த வேகத்துக்கு வருமா?"

நான் மேஜைக்கு அடியில் விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜாகிர் அண்ணன் கையில் இருந்த ஸ்க்ரூவுக்கு ரொம்ப நேரமாக இடம் கிடைக்கவில்லை. பதினொன்று போடச் சொல்லிப் புது லேப்டாப்போடு வந்திருந்த ஒரு வாத்தியார் அதையெல்லாம் பயபக்தியோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எனக்கும் பதினொன்னு வேணாங்க, உங்களுது மாதிரியே பழசா போட்டுக் குடுத்துடுங்க."

தலைமையாசிரியர் கேட்ட சந்தேகம்

சனிக்கிழமை காலை மாமா என்னிடம் ஒரு துணியை நீட்டினார். "பாப்பா, அந்த காலி பெஞ்சைத் தொடச்சு வை. திங்கக்கிழமை ஒரு பையன் வேலைக்கு வர்றான்."

துடைத்தேன். ஜாகிர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த முறுக்குக் கேள்வி அப்படியே இருந்தது. நேராகப் போய்ச் சொல்லலாம். சொன்னால், 'ஜாகிர் போட்டதை நீ போட்டதா சொல்றியா?' என்பார். பெஞ்சும் போகும், வேடிக்கையும் போகும். டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போனேன். டீ மாஸ்டரின் போனை வாங்கிக் கடை நம்பருக்கு அடித்தேன். கண்ணாடிக் கதவு வழியாக மாமா ரிசீவரை எடுப்பது தெரிந்தது.

"தம்பி ஏழுமலைங்களா? நான் ரிடையர்டு ஹெச்எம் பேசறேன், செங்கத்துலேருந்து." மூக்கிலிருந்து வருகிற, சாக்பீஸ் தூள் படிந்த குரல்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க சார்."

"எம் மெஷின்ல ஓடறது பத்தா, பதினொன்னான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"அதாவது சார், ரொம்ப சுலபம். கீபோர்டுல கீழ ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கும் பாருங்க, அதையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். ஒண்ணும் வரலியே. நீங்களும் உங்க மெஷின்ல அமுக்கிக்கிட்டே சொல்லுங்களேன்."

"இதோ அமுக்கறேன் சார். சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல வின்வர்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. அவ்ளோதான், பெரிய எழுத்துல காட்டிடும். எனக்கு வந்துடுச்சு பாருங்க, விண்டோஸ்..."

"விண்டோஸ்?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பெட்டியை மூடிவிட்டு மறுபடி அடித்தார். குனிந்து மேஜைக்குக் கீழே பொட்டைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். ஜாகிர் அண்ணனின் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மாமா என் காலி நாற்காலியைப் பார்த்தார். துடைத்து வைத்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியே ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தார். நான் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக, தலைமையாசிரியர் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தினி நாளா சார்?" என்றார் மாமா, போனில்.

"பௌர்ணமியிலேருந்து தம்பி" என்றார் தலைமையாசிரியர்.

"யாரு போட்டது?"

தலைமையாசிரியர் கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். மாமா ஜாகிர் அண்ணனைப் பார்த்தார். ஜாகிர் அண்ணன், "ம்" என்றார்.

மாமா ஒரு கனைப்புக் கனைத்தார். "அதாவது சார், டீயை முடிச்சுட்டு நேரா பெஞ்சுல வந்து உக்காருங்க, திங்கக்கிழமை வர்ற பையன் போன் எடுக்கட்டும்."

ஒரு மெஷினுக்குப் புதுசு தாங்குமா என்று கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போதும், அது தாங்கிவிட்ட விஷயத்தை முதலாளி தாங்குவதற்குத்தான் நாளாகிறது.