கைறுன்னிஸா பூசிய எண்ணெய்

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்கு. கைறுன்னிஸாவின் வீடும் அவளுக்குச் சீதனமாக வந்ததுதான். அந்த வீட்டுக்குள் புருஷன் உசனாருடையது என்று சொல்ல ஒரு சைக்கிள் மட்டுமே இருந்தது. அதன் பின்னால் சாரன் மூட்டையைக் கட்டி, வாவியைத் தோணியில் கடந்து, வவுணதீவு வயல் வட்டையெல்லாம் சுற்றி விற்று வந்தவர் அவர். இரண்டாம் உலக யுத்தம் வந்தது, நூல் நின்றது, தறிகள் ஓய்ந்தன. அக்கரைப்பற்றுக்கு அப்பால் பட்டாளத்துக்கு றோட்டுப் போடும் வேலைக்கு உசனார் லொறி ஏறினார்.

"துருப் பிடிக்க உடாத புள்ள. எண்ணெய் போட்டு வை. நூல் வந்தா நானும் வந்திருவன்."

டயர் கண்ணில் படாத காலம் அது. கைறுன்னிஸா காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் பதியுதீன், கிழிந்துபோன தன் டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓடிப் பார்த்தான். பிறகு தும்புக்கயிற்றைச் சுற்றினான். அது தடதடத்துப் போகிற சத்தத்தில் ஊர்க் கோழிகள் வேலி ஏறின.

"மச்சான்ட டயர் ரெண்டும் சும்மாதானே தொங்குது. தா புள்ள."

"அவர் வந்து எதுல ஏறுவார்? உங்கட வைக்கோல்லயா?"

டயர் நிலத்தில் அமுங்கிக் கெட்டுவிடாதபடி சைக்கிளைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் அவள். வெள்ளிக்கிழமை தோறும் இறக்கிச் சங்கிலிக்கும் அச்சுக்கும் தேங்காயெண்ணெய் விடுவாள். மிச்சத்தை டயரில் பூசித் துணியால் தேய்ப்பாள். எண்ணெய் கிடைப்பது அருந்தலானபோது தலைக்கு வைப்பதை நிறுத்தினாள், டயருக்கு நிறுத்தவில்லை.

இரண்டாம் வருஷம் லொறிக்காரன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். உசனார் கூலிகளின் கொட்டிலில் காய்ச்சலோடு கிடக்கிறார். ஊர் ஆள் யாராவது வந்தார்களா என்று கேட்டபடியே இருக்கிறார். அவன் லொறி அந்தப் பக்கம் திரும்பவில்லை, பஸ்ஸும் இல்லை. கைறுன்னிஸா தானே சைக்கிளை இறக்கினாள்.

"விடிய சுபஹுத் தொழுதிட்டு ஏறுங்க காக்கா. பக்கத்தில நம்மட ஆள் ஒருத்தர் இருந்தாலே அவருக்குப் பாதிக் காய்ச்சல் போயிரும்."

கல்முனையை எட்டும்போது பின் டயர் இழுபட்டு, வெயிலில் தோல் மாதிரி உரிந்தது. அங்கே சைக்கிள் திருத்தும் நல்லரத்தினம் ஒரு துண்டைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"இதென்ன, டயரா தொதல் இனிப்பா? ஆரு இதுக்குத் தேங்காயெண்ணெய் பூசினது? எண்ணெய் பட்டா றப்பர் ஊறிச் செத்துப் போகுமே!"

பதியுதீன் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தான், இடையிடையே ஓடினான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும்போது கொட்டிலுக்குள் நுழைந்தான். பின்னேரம் அஸரோடு உசனார் மௌத்தாகியிருந்தார். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததாகப் பக்கத்துப் பாயில் கிடந்தவன் சொன்னான்.

அங்கேயே அடக்கிவிட்டு ஊர் திரும்பியவன் தங்கச்சியிடம் பொய் சொன்னான்.

"நான் வெளிக்கிடுறதுக்கு முதல் நாளே போயிட்டார் புள்ள. பறந்து போயிருந்தாலும் கண்டிருக்க ஏலா."

"சைக்கிள்?"

"முள்ளுக் குத்திச்சி. கல்முனையில நிக்கிது."

கைறுன்னிஸா இத்தாவுக்குள் போனாள். கணவன் இறந்த நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கவேண்டிய காலம் அது. பதியுதீன் சொன்ன நாளிலிருந்தே எல்லாரும் எண்ணினார்கள். எண்ணிக்கை முடிய முடிய அவன் மனம் உறுத்தியது. தன் பொய்யினால் அவள் கடமையில் ஒரு நாள் குறைவதா?

பெண்கள் அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் நிறைத்தபோது அவன் அறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னும் ஒரு நாள் இரு புள்ள."

"ஏன் காக்கா? நாள் முடிஞ்சிதெண்டுதானே எல்லாரும் சொல்றாங்க?"

அவன் நிலத்தைப் பார்த்தான். உள்ளே அவள் விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"அப்ப நீங்க போற நேரம் அவர் உசிரோட இருந்திரிக்கார்."

அவன் திரும்பிப் போக ஓரடி வைத்தான்.

"குத்தினது முள்ளா காக்கா?"

அவன் நின்றான். அவள் குரல் மெல்ல வந்தது.

"கடைசியில துணியெல்லாம் கறுப்பா ஒட்டி ஒட்டி வந்திச்சி. அழுக்குப் போகுதெண்டுதான் நான் நினச்சன்."

பதியுதீன் முற்றத்துக்கு வந்து, பெண்களை நாளைக்கு வரச் சொன்னான்.