அக்காவின் இங்கிலிஷ் கொப்பியின் நடுத்தாள்

கொப்பியின் நடுத்தாளை உருவினால் ஒருவருக்கும் தெரியவராது என்பது பட்டம் கட்டும் எங்கள் கூட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. தை மாதக் காற்று மட்டும் தட்டுப்பாடில்லாமல் வீசியது. பதினொரு வயதில் நான் அக்காவின் கொப்பியில் கை வைத்தேன்.

அது சாதாரணக் கொப்பி அல்ல. காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை ஆமி முகாமுக்கு விட்டுவிட்டுக் கோப்பாய்க்கு வந்தோம். வந்த மூன்றாம் மாதம் அப்பா காலமானார். யாழ்ப்பாண நகரில் ஒரு வெளிநாட்டு நிவாரணக் கந்தோர் அலுவலக வேலைக்கு இங்கிலிஷ் தெரிந்த ஒருவரைத் தேடுவதாகத் தெரியவந்தபோது, குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அந்தக் கொப்பிக்குள் குடிபுகுந்தது. கந்தோர்களில் வெள்ளைக்காரர் பேசும் மரபுத்தொடர்களை ரியூசன் மாஸ்டர் சொல்லச் சொல்ல அக்கா எழுதி வந்தார். ‘கோல் இற் எ டே’ என்றால் இன்றைக்கு வேலை போதும். ‘த போல் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்றால் இனி உன்பாடு. விளங்கியதோ இல்லையோ, தேவாரம்போல வரிசை தப்பாமல் பாடமாக்குவதுதான் எங்கள் முறை.

உருவிய நடுத்தாளில் கட்டிய பட்டம் நன்றாகத்தான் ஏறியது. பிறகு நூல் அறுந்து நீர்வேலி வாழைத்தோட்டங்களின் பக்கம் போய்விட்டது. அதில் எட்டு மரபுத்தொடர்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். ஒட்டும்போதே கவனித்தேன். எழுத்திருந்தால் பாரம் கூடுமோ என்பதுதான் அப்போது என் கவலை.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு மூளை வேலை செய்யும், அதுதான் ஆபத்து. என் கணக்குக் கொப்பியின் நடுத்தாளை உருவி, அக்காவின் சாய்ந்த எழுத்தைப் பார்த்து, எனக்குத் தெரிந்த பழமொழிகளை எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எழுதிச் செருகினேன். ‘ஈவின் எலிபன்ற் ஸ்லிப்ஸ்’: ஆனைக்கும் அடி சறுக்கும். ‘மேன் ஃபோல் ஃப்ரொம் ட்ரீ, கவ் ஆல்சோ ஸ்ரெப்’: மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது. இப்படி எட்டு.

அக்கா எட்டையும் பாடமாக்கினார். கொப்பியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவன் நானேதான்.

“டேய், உந்த மாட்டுக் கதையைக் கந்தோரிலை எப்ப சொல்லுவினம்?”

“எனக்கென்ன தெரியும்? மாஸ்டர்தானே தந்தவர்!”

“அவங்கடை ஊரிலையும் மாடு மிதிக்குமாக்கும்,” என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

நேர்முகப் பரீட்சை அன்று அக்கா அப்பாவின் சைக்கிளில் புறப்பட்டார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாசல் படலைவரை ஓடினேன். கையை மட்டும் காட்டிவிட்டு வந்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். அக்கா ஒழுங்கை முனையில் திரும்பும் முன்னரே அது ஐந்தாகி, மத்தியானம் இருபத்தொன்றாகியது. எங்கள் வீட்டில் கறிக்கே தேங்காய் இல்லை என்பது பிள்ளையாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் மறுத்துப் பேசவில்லை.

பின்னேரம் அக்கா வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

“வேலை கிடைச்சிட்டுது அம்மா.”

அம்மா கைகூப்பினார்.

“என்ன கேட்டவை அக்கா?”

“ஏன் இந்த வேலை வேணுமெண்டு அந்த வெள்ளைக்கார மனுசி கேட்டா. பாடமாக்கினது முழுக்க மறந்து போச்சுது. அந்த மாடு மட்டுந்தான் வந்தது. சொன்னன்.”

“சிரிச்சவவோ?”

“இல்லை. பேனையைக் கீழை வைச்சா. உமக்கு என்ன நடந்ததெண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்னனீ?”

“நடந்ததைச் சொன்னன். வேறை என்ன.”

அக்கா கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவ அவ்வளவு நேரம் எடுத்தது வெயிலில் சைக்கிள் ஓடிய புழுதியால் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு அங்கே நிற்க நேரமில்லை. ஒழுங்கைக்கு ஓடி, என் இங்கிலிஷைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரி மலைத்துப்போய்ப் பேனையைக் கீழே வைத்த கதையைப் பட்டம் கட்டும் பொடியளுக்கு அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர் ஏன் பேனையை வைத்தார் என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இலக்கணம் அவ்வளவு சுத்தம் என்று சொல்லியிருப்பேன்.