சுவரைப் பார்த்து எடுத்த படம்

என் வாழ்நாளில் நான் எடுத்த போட்டோக்கள் மொத்தம் எட்டு. அவற்றில் முதல் ஏழு படங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே எனக்கு மரியாதை. எட்டாவதை எடுக்கும்போது நான் ஒரு மண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவரும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐம்பதுகளின் நடுவில் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் காயைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டுகிற சோலி. எங்கள் காயை வாங்கி வடக்கே அனுப்பும் வியாபாரி ஒருவர், போடியிலேயே ஓர் ஆளை வைத்திருந்தார். பையன் ராஜஸ்தான் பாலைவனத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியும்தான். இருந்தாலும் ஊரே அவனைச் சேட்டு என்றுதான் கூப்பிட்டது. ஆறு வருஷத்தில் அவன் எங்கள் தமிழையே பேசக் கற்றிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்துச் சிலமலைக்காரன் என்றுதான் சொல்வீர்கள்.

ஒருநாள் காய் பார்க்கக் குரங்கணிப் பக்கம் இருவரும் மலையேறியிருந்தோம். சாரல். ஒரு பாறையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"அண்ணே, எங்காத்தா மொகம் மறந்துக்கிட்டே வருதுண்ணே. மூக்கு நெனப்பு இருக்கு, கண்ணு வர மாட்டேங்குது. கண்ணு வந்தா வாயி போயிருது."

"லீவு கேட்டு ஒரு எட்டுப் போயிட்டு வர வேண்டியதுதானடா?"

"போனா என் எடத்துல வேற ஆளு ஒக்காந்துருவாண்ணே."

அவன் காலிலிருந்து இன்னொரு அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த மாதமே எங்கள் முதலாளி என்னை ஜோத்பூருக்குப் போகச் சொன்னார். சின்ன வயதில் நான் இந்திப் பரீட்சை இரண்டு எழுதியவன் என்பதுதான் காரணம். இரண்டாவதில் தேறவில்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய் மாதிரிப் பொட்டலங்களோடு போய், அங்குள்ள வியாபாரிகளைப் பார்த்துவர வேண்டும். சேட்டு ஓடி வந்தான்.

"ஜோத்பூர்லருந்து எங்கூரு ஜெய்சல்மேரு பக்கந்தாண்ணே. எங்க வீடு கோட்டைக்குள்ள இருக்கு. எங்காத்தாள ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்கண்ணே."

"கோட்டைக்குள்ள வீடா? நீ என்ன ராசா மகனா?" என்றார் சாக்குத் தைக்கிறவர்.

"கோட்டைக்குள்ள எல்லாருந்தான் இருக்காங்க. ஆடு, மாடு, தட்டாரு, நாங்க."

கேமராவுக்குக் கடைத்தெரு ஸ்டூடியோக்காரரிடம் போனேன். ஒட்டகத்தைப் படம் பிடித்துவந்து தன் கண்ணாடி அலமாரியில் மாட்டத் தர வேண்டும் என்ற பேச்சில், தன் பெட்டிக் கேமராவைக் கொடுத்தார். சதுரமான கறுப்புப் பெட்டி. சுருளில் எட்டுப் படம்.

"இடுப்போட சேத்துப் புடி, தம்பி. குனிஞ்சு மேல உள்ள கண்ணாடியில பாரு. ஆளு தெரிஞ்சா மூச்சப் புடிச்சுக்கிட்டு இத அமுக்கு. பாக்காம மட்டும் அமுக்கிராத."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

போர்க்காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன எங்கள் ஊர்த் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு அப்போது ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரை ரயிலில் ஏறியவன் ரயில் ரயிலாக மாறி, ஆறாம் நாள் ஜோத்பூரில் இறங்கினேன். வேலையை வெரசாக முடித்தேன். சேட்டு சொன்ன 'பக்கம்' என்பது மறுபடி ஒரு ராத்திரி ரயில், அப்புறம் லாரியில் உப்பு மூட்டைமேல் ஒரு பகல் முழுக்க. அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

கோட்டை என்றால் வௌவாலும் பாழும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே மஞ்சள் கல் மதிலுக்குள் ஓர் ஊரே நெருக்கியடித்துக் குடியிருந்தது. சந்துக்கு ஒரு மாடு, அது நகர்ந்தால்தான் நாம் நகரலாம். கொத்தளத்தில் இருந்த பீரங்கியின்மேல் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள். அந்தப் பீரங்கியைப் படம் எடுக்கத்தான் முதலில் குனிந்தேன். பாவாடைக்குச் சொந்தக்காரி போட்ட சத்தத்தில் படம் மேகத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. மதில் சுவரை எடுக்கலாம் என்று திரும்பினால் குறுக்கே ஆள். "கல்லுல என்ன இருக்கு? என்னை எடு" என்பதுதான் எல்லார் பேச்சும். ஒரு தட்டார், தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டி முடிக்கிறவரை என்னை வெயிலில் நிறுத்திவைத்தார். ஒட்டகக்காரன் ஒட்டகத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, அது தெரியாதபடி பார்த்துக்கொண்டான். மாட்டேன் என்று சொல்கிற இந்தி, நான் தேறாத இரண்டாவது பரீட்சைப் பாடத்தில் இருந்திருக்க வேண்டும். சேட்டு வீட்டு வாசலை மிதித்தபோது பெட்டியில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

சேட்டின் தகப்பனார் வெளியூரில் கணக்கெழுதப் போயிருந்தார். தகப்பனாரின் அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். முற்றத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, ஹூக்காவும் மீசையுமாக உட்கார்ந்திருந்தார். சேட்டின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தலையிலிருந்து மார்புவரை முக்காடு. வந்தது அம்மாவா வேறு யாராவதா என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

கடிதத்தையும் ஏலக்காய்ப் பொட்டலத்தையும் கொடுத்தேன். பெரியவர் போடியைப் பற்றிக் கேட்டார். மாசக்கணக்கில் மழை பெய்யும் என்றேன். பையன் நனைந்துகொண்டே இருக்கிறானா என்று கவலைப்பட்டார். சமாதானமாக ஏதாவது சொல்வோம் என்று அட்டையைப் பற்றிச் சொன்னேன். அது ரத்தம் குடிக்கும் என்று நான் சொன்னதும் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு விசும்பல் கேட்டது. என் வாயில் சனி.

போட்டோ விஷயத்தைச் சொன்னேன். அங்கேதான் சிக்கல். மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், இருக்கும்போது தம்பி மனைவி முகம் காட்டக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். சரி, பெரியவர் கொஞ்சம் வெளியே போகலாமே என்றால், அந்நிய ஆண்பிள்ளையைப் பெண்பிள்ளையோடு விட்டுவிட்டு எப்படிப் போவது? அவர் இருந்தால் முகம் இல்லை. அவர் போனால் நான் இல்லை. இந்த வட்டத்தைப் பெரியவர் எனக்கு மூன்று தரம் பொறுமையாக விளக்கினார்.

மூத்தாரிடம் நேராகப் பேசவும் கூடாதாம். அதனால் அம்மா, தூணில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னாள்.

"பெட்டி பார்க்கட்டும். ஆம்பளைங்க ரெண்டு பேரும் சுவரைப் பார்க்கட்டும்."

பெரியவர் யோசித்தார். பிறகு அவரும் ஆட்டிடமே, "அது சரிதான்" என்றார்.

வெயில் விழுந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அவளை முக்காட்டோடு உட்காரச் சொன்னேன். எதிரே தானியப் பெட்டிமேல் கேமராவை வைத்தேன். குனிந்து பார்த்து, முக்காடு நட்டநடுவில் வரும்படி நகர்த்தி, ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும் என்று ஆட்டிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு விரலை மட்டும் கேமராவில் விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பெரியவரும் வந்து பக்கத்தில் நின்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிச் சுவரைப் பார்த்து நின்றதில்லை.

துணி சரசரத்தது. வளையல் குலுங்கியது. முக்காடு விலகிவிட்டது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். உடனே சடசடவென்று ஏதோ முறிகிற சத்தம். ஸ்டூடியோக்காரர் கேமரா போச்சு என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கப் போனேன், பெரியவர் என் தோளை அழுத்தி நிறுத்திவிட்டார். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது அவள் முக்காலியில் முக்காட்டோடு, முதலில் இருந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கேமராவும் முழுசாகத்தான் இருந்தது.

போடிக்கு வந்து சுருளைக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் படங்களைக் காயவைத்து ஒவ்வொன்றாகப் போட்டார். ஒட்டகத்தின் வால் மட்டும் வந்திருப்பதைப் பார்த்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். எட்டாவது படத்தில் முகமே இல்லை. இரண்டு உள்ளங்கைகள், படம் நிறையக் கலங்கலாக. முழங்கைவரை வளையல். அவற்றுக்கு நடுவில் தூரத்தில் காலி முக்காலி.

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. அசையாதே என்று ஆட்டிடம் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தேனே. சுருள் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லிவிடத் தீர்மானித்து இரண்டு நாள் சேட்டின் கண்ணில் படாமல் சந்து சந்தாகச் சுற்றினேன். மூன்றாம் நாள் அவனே மண்டிக்கு வந்து கையை நீட்டினான். பொய் வாயில் வரவில்லை. படத்தைக் கொடுத்துவிட்டு, அவன் பெரியப்பாவையும் அந்த ஆட்டையும் திட்ட ஆரம்பித்தேன்.

அவன் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஏலக்காயின் பச்சை பார்க்க வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவோமே, அதேபோல் படத்தைக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணே, அப்ப ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சடசடன்னு. கேமராதான் ஒடஞ்சுருச்சுன்னு நெனச்சேன்."

படத்தைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவன் என் பக்கம் வந்தான். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, கன்னத்தை வழித்தெடுத்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தான். அதே சத்தம்.

அவள் முக்காலியை விட்டு எழுந்து வந்து, பெட்டிக்குள் இருந்த தன் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்திருக்கிறாள்.

"பெரியப்பா எந்நேரமும் முத்தத்துலயேதான் இருப்பாருண்ணே. ஆத்தா மொகத்த ராத்திரி வெளக்கு வெளிச்சத்துல கொஞ்சம் பாத்ததுதான். இந்தக் கையத்தான் பாத்து வளந்தேன்" என்றான் சேட்டு.

பையிலிருந்து படத்தைத் திரும்ப எடுத்தான். ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணு வந்துருச்சுண்ணே. வாயும் போகல."