நிழல் கொம்பு

காவாந்தண்டலத்து ஏரித் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிடும் நீர்கட்டி சடையப்பன். வாய்க்கால் ஓரம் ஒரு கொம்பு நட்டிருக்கும்; அதைச் சுற்றி வயலுக்கு ஒன்றாகக் கற்கள். கொம்பின் நிழல் ஒருவருடைய கல்லைத் தொட்டால் அவர் முறை. அடுத்த கல்லைத் தொட்டால் மடையை அடைத்துவிட வேண்டும். கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட அந்தக் கொம்பைத்தான் நம்பினார்கள்.

ஏரி வற்றிக்கொண்டிருந்த ஒரு தை மாதம், தன் வயலுக்குத் தண்ணீர் பாயும்போது வரதன் சடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திருப்புலிவனத்தில் மாடு வாங்கிய கதையை எடுத்தார். வரதன் வாயைத் திறந்தால் கேட்கிறவனுக்குப் பசிகூட மறந்துபோகும். கதை முடிந்தபோது நிழல், அடுத்த முறைக்காரி கோவிந்தம்மாளின் கல்லைத் தாண்டி எங்கோ போயிருந்தது. அவளுக்குப் பின்னால் முறை வந்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் மதகில் தண்ணீர் ஏறவில்லை. அவள் பயிர் பால் பிடிக்கும் சமயத்தில் பதராகிப் போயிற்று. புருஷனை இழந்தவள், அந்த ஒரு வயல்தான் அவளுக்கு. ஒரு வார்த்தை திட்டாமல் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால் சடையப்பனுக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்றே ஊருக்குச் சொல்லிவிட்டார்: "கொம்பு நட்டு கீதுன்னா என்னாண்ட ஒருத்தரும் பேச்சு குடுக்காதீங்க."

எதைச் சொன்னாலும் கேட்காத ஊர், இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மனைவி ஜெயம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு ஊர்க்கதை முழுவதும் சொல்வாள். பகலெல்லாம் வாய் மூடியிருந்ததற்கு அது ஈடாகிவிடும். போன பங்குனியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டிலும் கொம்பு நட்டமாதிரிதான். யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று மனுஷர் ஏங்கிப் போனார். தானே போட்ட சட்டத்தைத் தானே எடுக்கக் கூச்சம்.

ஒருநாள் கடைசி வயலும் பாய்ந்து முடிந்தது. வெயில் இன்னும் இருந்தது. கொம்பைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்து உட்கார்ந்தார். கோவிந்தம்மாளும், தென்னேரியிலிருந்து புதிதாக வந்த மருமகள் பாஞ்சாலியும் புல்லுக்கட்டோடு வந்தார்கள்.

"இன்னா பெரியவரே, இன்னும் வூட்டுக்குப் போவலியா?" என்றாள் பாஞ்சாலி.

சடையப்பன் முகம் மலர்ந்துவிட்டது. பதில் சொல்வதற்குள் கோவிந்தம்மாள் மருமகளின் கையைக் கிள்ளினாள்.

"சும்மா வாடி. அவுரு கவனம் கெட்டுடப் போவுது."

தன் புல்லுக்கட்டை இறக்கிவைத்தாள். கிடந்த கொம்பை எடுத்துப் பழைய குழியிலேயே நேராக நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். விழவில்லை, நான்தான் பிடுங்கினேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பேச்சில் மயங்கி அவள் பயிரைக் காயவிட்டவர் அவர்தானே.

இருவரும் சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்துப் போனார்கள். சடையப்பன் கொம்பின் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.